நாலாம் நம்பர்

பார்சிலோனா கிளப்பின் இளையோர் அகாடமியான லா மாசியாவைப் பற்றிப் பேச்செடுத்தால் பத்தில் ஒன்பது பேர் நேராக மெஸ்ஸியிடம் போய்விடுகிறார்கள். 2000 டிசம்பரில் அவரைச் சேர்த்துக்கொள்வதாக பார்சிலோனாவின் கார்லெஸ் ரெஷாக் ஒரு நாப்கினில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குறுதி, 2024-ல் ஏலத்தில் ஏழரை லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோன பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. ஆனால் மெஸ்ஸியை வைத்து ஓர் அகாடமியை எடைபோடுவது சரிப்படாது. ரொசாரியோவில் நியூவெல்ஸ் கிளப்பின் சிறுவர் அணியில் ஆடியபோதே அவர் அப்படித்தான் ஆடினார். பார்சிலோனா அவருடைய வளர்ச்சி ஊசிக்குப் பணம் கட்டியது, தங்க இடம் கொடுத்தது, ஆட்டத்தில் கைவைக்காமல் விட்டது. பெரிய காரியம்தான். பயிற்சியின் சாதனை என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது.

பயிற்சியின் கைவண்ணம் தெரிய வேண்டுமென்றால், வேறெந்தக் கிளப்புக்குப் போயிருந்தாலும் காணாமல் போயிருக்கக்கூடிய ஓர் ஆளைப் பார்க்க வேண்டும். செர்ஜியோ புஸ்கெட்ஸ் அப்படி ஒருவர்.

189 சென்டிமீட்டர் உயரம், ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள். ஓட்டத்தில் வேகம் கிடையாது. தூரத்திலிருந்து கோலடிக்கும் பழக்கமும் கிடையாது. பார்சிலோனாவுக்காக 722 ஆட்டங்கள் ஆடி அவர் போட்ட கோல்கள் 18. ஸ்பெயினுக்காக 143 ஆட்டங்களில் இரண்டே இரண்டு. இந்தக் கணக்கை மட்டும் பார்த்து ஆள் எடுக்கும் இடத்தில் அவருக்கு முதல் நாளே வாசலைக் காட்டியிருப்பார்கள். அந்த ஆள் ஒன்பது லா லிகா, மூன்று சாம்பியன்ஸ் லீக், ஓர் உலகக் கோப்பை, ஓர் ஐரோப்பியக் கோப்பை வென்ற அணிகளின் நடு அச்சாக இருந்தார்.

உடனே ஒரு மறுப்பு வரும். அவர் 2005-ல்தானே வந்தார், அப்போது பதினேழு வயது ஆகிவிட்டதே, தெரஸா ஊரின் ஜாபக் கிளப்பில் வளர்ந்த பையனை லா மாசியாவின் பிள்ளை என்று எப்படிச் சொல்வது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் அகாடமியின் வேலை ஏழு வயதில் பிடித்துப் பத்து வருடம் உருட்டுவதோடு முடிவதில்லை. எந்த மாதிரி ஆளுக்கு அணியில் இடம் உண்டு என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதும் அதன் வேலைதான். லா மாசியாவில் அந்த நாற்காலியின் பெயர் நாலாம் நம்பர். தற்காப்புக்கு முன்னால், எல்லோருக்கும் நடுவில், பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தன்னைத் தாண்டித்தான் மறுபக்கம் போக வேண்டும் என்று நிற்பவருக்கு அங்கே நாலு என்றுதான் பெயர், முதுகில் என்ன எண் இருந்தாலும். புஸ்கெட்ஸ் முதலில் போட்டது 28, பிறகு 16. கேப்டன் புயோல் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய 5. நாலை அவர் போட்டதே இல்லை.

அந்த நாற்காலி ஒருநாளில் செய்யப்பட்டதில்லை. எழுபதுகளில் இளையோர் பிரிவுக்கு வந்த லவுரேயானோ ருயிஸ், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே உள்ள பையன்களைக் கூட்டிவர வேண்டாம் என்று தொங்கிய பலகையைக் கழற்றி எறிந்தார் என்பது அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. 1702-ல் கட்டிய பழைய பண்ணைவீடு, கேம்ப் நௌ மைதானம் கட்டும்போது கொத்தனார்களும் வரைபடக்காரர்களும் புழங்கிய இடம், 1979 அக்டோபரில் வெளியூர்ப் பையன்களின் விடுதியானது. 1988-ல் க்ரைஃப் பயிற்சியாளராக வந்து எட்டு வருடம் இருந்தார். எல்லா வயது அணிகளும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்ற பிடிவாதம் அப்போதுதான் ஊன்றியது. பத்து வயது அணியில் நாலாக நிற்பவனுக்கும் முதல் அணியில் நாலாக நிற்பவனுக்கும் வேலை ஒன்றே.

க்ரைஃபின் முதல் நாலு லூயிஸ் மில்லா. அவர் 1990-ல் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட, சான்ட்பெடோர் ஊரிலிருந்து வந்து விடுதியில் வளர்ந்த, தோளெலும்பு துருத்திய பெப் கார்டியோலாவுக்கு அதே வருடக் கடைசியில் வாய்ப்பு வந்தது. ஒன்றரை வருடத்தில் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை. அவருக்குப் பிறகு சாவி. இன்றைக்குப் பலர் மறந்துவிட்டார்கள், சாவி நாலாகத்தான் வளர்க்கப்பட்டார். ரைக்கார்ட் பயிற்சியாளராக வந்துதான் அவரை இன்னும் முன்னால் தள்ளினார். அதே நாற்காலிக்காகக் காத்திருந்து, லீகில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்காமல் 2002-ல் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்குப் போனவர் மிக்கேல் ஆர்ட்டேட்டா. கார்டியோலாவின் நாலை அண்ணாந்து பார்த்து வளர்ந்து, 2003-ல் பதினாறு வயதில் ஆர்சனலுக்குப் போய், அங்கே அந்த எண்ணையே வாங்கிப் போட்டுக்கொண்டவர் செஸ்க் ஃபாப்ரிகாஸ்.

இவர்கள் எல்லோரும் பிறகு பயிற்சியாளர் ஆனது தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்ப முடியவில்லை. கார்டியோலாவைச் சொல்லவே வேண்டாம். ஆர்ட்டேட்டா ஆர்சனலில். சாவி 2023-ல் பார்சிலோனாவுக்கே லீக் வாங்கிக் கொடுத்தார். ஃபாப்ரிகாஸ் கோமோவை இத்தாலியின் முதல் பிரிவுக்குக் கொண்டுவந்தார். மில்லா 2011-ல் ஸ்பெயினின் 21 வயதுக்குட்பட்டோர் அணியை ஐரோப்பிய சாம்பியனாக்கினார். பதினைந்து வயதிலேயே மற்ற பத்துப் பேரின் இடத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆடப் பழக்கினால் வேறென்ன ஆகும்?

பழக்குவது எப்படி? வட்டமாக நின்று, நடுவில் இருப்பவர்களுக்குச் சிக்காமல் பந்தைத் தட்டும் ரொண்டோதான், வேறு மந்திரம் இல்லை. உலகம் முழுக்க எல்லா அணிகளும் இப்போது ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்க ரொண்டோ ஆடுகின்றன. சிரித்துக்கொண்டு, இரண்டு கால்களுக்கு நடுவில் பந்தை விட்டுக் கேலி செய்துகொண்டு. லா மாசியாவின் ரொண்டோவைப் பார்க்கிறவர்கள் பந்தைப் பார்க்கக் கூடாது, வட்டத்தில் நிற்கும் பையன்களின் இடுப்பைப் பார்க்க வேண்டும். சுற்றி எட்டுப் பேர், நடுவில் இரண்டு பேர். பந்து இன்னும் இரண்டு ஆள் தள்ளியிருக்கும்போதே ஒருவன் இடுப்பைப் பாதி திறந்து, பின்காலைத் தயாராக வைத்திருப்பான். பந்து வந்த திசையிலேயே திருப்பிக் கொடுக்கவும் முடியும், எதிர்ப்பக்கம் அனுப்பவும் முடியும். நடுவில் இருக்கும் இருவருக்கும் இடையே ஒரு நொடி திறந்து மூடும் சந்து வழியாகப் போகும் பாஸுக்குத்தான் அங்கே மதிப்பு. சுற்றிச் சுற்றிப் பக்கத்து ஆளுக்குத் தட்டிக்கொண்டே இருப்பவன் பந்தை இழக்காமல் இருக்கலாம், பயிற்சியாளர் முகம் சுளிப்பார்.

மாலையில் ஒன்றரை மணி நேரம்தான் பயிற்சி. பகலெல்லாம் பள்ளிக்கூடம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பந்தில்லாத ஓட்டம் அநேகமாகக் கிடையாது. பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, வந்த பின் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் இருப்பது, இந்த இரண்டும் உடம்பில் ஏறும்வரை வருடக்கணக்கில் அதே பயிற்சி. கல்யாணப் பந்தியில் கைதேர்ந்த பரிமாறுபவர் வாளியைக் குனிந்து பார்க்க மாட்டார், ரசம் கேட்கப்போகும் இலையைத்தான் பார்ப்பார். புஸ்கெட்ஸின் கண்ணும் அப்படித்தான்.

அவருக்கு வீட்டிலேயே கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா கார்லெஸ் புஸ்கெட்ஸ், தொண்ணூறுகளில் பார்சிலோனாவின் கோல்கீப்பர். வெயிலானாலும் முழுக்கால்சட்டையோடு நின்று, கையைவிடக் காலை அதிகம் நம்பியவர். காலால் ஆடும் கோல்கீப்பர் என்பது அன்றைக்குக் கேலிப்பொருள், இன்றைக்கு எல்லாப் பெரிய அணிக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது நெருக்கடியில் பந்தோடு நிற்கும் துணிச்சல். எப்போது நிற்கலாம், எப்போது கூடாது என்ற கணக்கு அப்பாவுக்குச் சில சமயம் தவறியது. மகனுக்கு அகாடமி அதைச் சொல்லிக் கொடுத்தது.

எங்கே வைத்துச் சொல்லிக் கொடுத்தது என்பதுதான் முக்கியம். 2007-ல் பி அணி தெர்சேராவுக்கு, அதாவது ஸ்பெயினின் நாலாம் நிலைக்கு இறங்கியிருந்தது. அந்த அணிக்குத்தான் கார்டியோலா முதன்முதலாகப் பயிற்சியாளரானார், பக்கத்தில் டிட்டோ விலனோவா. கட்டலோனியாவின் சின்ன ஊர் மைதானங்கள், முப்பது வயது தாண்டிய முரட்டு டிஃபண்டர்கள், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து திட்டும் உள்ளூர்க்காரர்கள். பத்தொன்பது வயது புஸ்கெட்ஸ் ஒரு முழு சீசன் அங்கே ஆடினார். அணி மேலே ஏறியது. 2008 செப்டம்பரில், முதல் அணி நுமான்சியாவிடம் தோற்று வந்த அடுத்த ஆட்டத்தில், ராசிங் சான்டாண்டருக்கு எதிராக கார்டியோலா அவரையும் பெட்ரோவையும் இறக்கினார். 1-1. ஊரே புதுப் பயிற்சியாளரைச் சந்தேகித்தது. அடுத்த லீக் ஆட்டத்தில் கிஹோனில் ஆறு கோல்.

அந்த இடத்தில் அப்போது இருந்தவர் யாயா டூரே என்பதை மறக்கக் கூடாது. இன்றும் டூரேயின் ரசிகர்கள் அந்தக் கணக்கைத் தீர்க்காமல்தான் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. டூரே ஓடினால் மைதானம் அதிரும், முப்பது கஜம் பந்தோடு போய் கோலடிப்பார். ஆனால் 2009 மே மாதம் ரோமில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்தை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். டூரே தற்காப்பின் நடுவில், புஸ்கெட்ஸ் நாலில். முதல் பத்து நிமிடம் யுனைடெட் மேலே ஏறி ஏறி வந்தது. ஏட்டோ கோலடித்த பிறகு சாவியும் இனியெஸ்டாவும் பந்தைச் சுற்றத் தொடங்கினார்கள். அவர்கள் இருவரும் அன்று தங்கள் இஷ்டத்துக்கு அலைந்தார்கள் என்றால், பின்னால் ஒருவர் அலையாமல் நின்றதால்தான். தொடங்கிய பதினொருவரில் ஏழு பேர் லா மாசியா. அடுத்த சீசன் முடிந்ததும் டூரே மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார்.

புஸ்கெட்ஸ் போட்ட பாஸ்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானம், 2011 ஏப்ரல் 27, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, 87-ஆவது நிமிடம். எல்லாத் தொகுப்புக் காணொளிகளிலும் அந்த கோல் மெஸ்ஸியின் கோல். நாலு வெள்ளைச் சட்டைகளைத் தாண்டி ஓடியதுதான் காட்டப்படுகிறது. அதற்கு இரண்டு நொடி முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். மெஸ்ஸி பந்தை புஸ்கெட்ஸுக்குத் தட்டிவிட்டு ஓடி வருகிறார். புஸ்கெட்ஸ் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். எந்த மிட்ஃபீல்டரும் அங்கே ஏதாவது செய்வார். திரும்புவார், தட்டிக் கொடுப்பார், குதிகாலால் உதைத்து அழகு காட்டுவார். புஸ்கெட்ஸ் பந்தை நிறுத்திவிட்டு, நகராமல் அப்படியே நின்றார். மெஸ்ஸி ஓடிவந்த வேகம் குறையாமல் அதை எடுத்துக்கொண்டு போனார். எதிரணிக்காரர்கள் ஒரு கணம் புஸ்கெட்ஸைப் பார்த்தார்கள், அந்தக் கணத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கணக்கில் அது அசிஸ்ட் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருக்க ஒருவரைப் பழக்குவதற்கு எத்தனை ஆயிரம் ரொண்டோ ஆக வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அவர் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. 2010 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டரின் தியாகோ மோட்டாவின் கை பட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்து, விரலிடுக்கு வழியாக நடுவரைப் பார்த்தது உலகம் முழுக்கத் தெரிந்த காட்சி. மோட்டா வெளியேற்றப்பட்டார். அந்த மோட்டாவும் லா மாசியாவில் வளர்ந்தவர், அதே நாற்காலிக்காரர் என்பதுதான் வேடிக்கை. இன்டர் ரசிகர்கள் புஸ்கெட்ஸை மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்க வேண்டும் என்று கேட்பதும் அழகில்லை.

அதே கோடையில் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்றது. பழி புஸ்கெட்ஸ் தலையில் விழுந்தது. சாபி அலோன்சோ இருக்கும்போது இவர் எதற்கு என்று பத்திரிகைகள் கேட்டன. ஸ்பெயின் பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கே, தான் மறுபடி ஆட்டக்காரனாகப் பிறந்தால் புஸ்கெட்ஸ் மாதிரிதான் ஆட ஆசைப்படுவேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு அவரைத் தொடர்ந்து ஆட வைத்தார். டெல் போஸ்கே ரியல் மாட்ரிட்டின் பிள்ளை, அதன் பயிற்சியாளராகவும் இருந்தவர். எதிர்வீட்டுக்காரர் பாராட்டும்போது அதன் எடை வேறு. இறுதி ஆட்டத்தில் தொடங்கிய பதினொருவரில் ஆறு பேர் லா மாசியா. கோலுக்குப் பாஸ் கொடுத்த ஃபாப்ரிகாஸ் பின்னால் இறங்கிய ஏழாவது ஆள்.

மற்ற பள்ளிகளை விரும்புகிறவர்களோடு சண்டை எதற்கு? அயாக்ஸின் பள்ளி இல்லாமல் க்ரைஃப் கொண்டுவந்த பாடமே இல்லை. பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ளவர்களை மட்டும் வைத்துக்கொண்டு முதல் பிரிவிலிருந்து ஒருபோதும் இறங்காத பில்பாவோ அத்லெட்டிக்கின் லெசாமா, நேர்மையில் லா மாசியாவுக்கு ஒரு படி மேல் என்றே சொல்லலாம். பிரான்ஸின் கிளேர்ஃபோன்டேன் பள்ளிக்காரர்கள் ஹென்றியையும் எம்பாப்பேயையும் காட்டுவார்கள். வேகம், பலம், ஒற்றைக்கு ஒற்றை மோதல். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அங்கிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பிரமாதமானவர்கள். ஆறு பேரைச் சேர்த்து ஒரே அணியில் போட்டால் ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியும் என்ற சுகம் இங்கேதான் கிடைத்தது.

அதே சமயம் லா மாசியாவின் பக்தர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். 2012 நவம்பரில் லெவான்டேக்கு எதிராகப் பதினொரு பேரும் அகாடமிப் பிள்ளைகளாக ஆடினார்கள் என்பதைக் கோயில் கல்வெட்டு மாதிரி ஓதுகிறார்கள். டானி ஆல்வெஸ் காயப்பட்டு வெளியேறி மொன்டோயா உள்ளே வந்ததால் அமைந்தது அது. அந்தப் பதினொருவரில் பிக்கேயையும் ஃபாப்ரிகாஸையும் இங்கிலாந்திலிருந்து விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். ஜோர்டி ஆல்பாவை, சின்ன உருவம் என்று இதே கிளப் 2005-ல் அனுப்பிவிட்டு, 1.4 கோடி யூரோ கொடுத்துக் கூட்டிவந்தது. லவுரேயானோ ருயிஸ் எறிந்த பலகையை யாரோ மறுபடி மாட்டியிருக்கிறார்கள் போலும்.

உண்மையில் சரிவு அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. 2013-ல் தியாகோ அல்கான்டராவை பயர்னுக்கு 2.5 கோடி யூரோவுக்கு விட்டார்கள். 2014-ல் வெளிநாட்டுச் சிறுவர்களை விதிமீறிச் சேர்த்ததற்காக ஃபிஃபா தடை விதித்தது; கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பையன்கள் ஆட முடியாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டகேஃபுஸா குபோ ஊர் திரும்பி, பின்னாளில் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். டானி ஓல்மோ அதே 2014-ல் பதினாறு வயதில் ஜாக்ரெப்புக்குப் போனார்; பத்து வருடம் கழித்துப் பெரும் பணம் கொடுத்து அவரை மீட்டார்கள். முதல் அணியில் நெய்மர், சுவாரெஸ், மெஸ்ஸி மூவரும் சேர்ந்த பிறகு நடுமைதானத்தைத் தாண்டிப் பந்தை முன்னால் அனுப்பினாலே கோல் விழுந்தது. வென்றார்கள், 2015-ல் அநேகமாக எல்லாவற்றையும் வென்றார்கள். ஆனால் நாலாம் நம்பர் என்ற வேலைக்கு மரியாதை குறைந்தது அந்த வெற்றியில்தான். 2018 ஏப்ரலில் செல்டா வீகோவுக்கு எதிராக ஓர் அகாடமிப் பையன்கூட இல்லாத பதினொருவர் இறங்கினார்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்கிறார்கள். மாற்றியது கொள்கையா, கடனா என்று கேட்கத் தோன்றுகிறது. 2021-ல் மெஸ்ஸியையே தக்கவைக்க முடியாத கிளப், விலைகொடுத்து வாங்க வழியில்லாமல் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தது. பார்த்ததும் கிடைத்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை என்பது உண்மை. லமின் யமால் 15 வயது 290 நாளில் முதல் அணியில் ஆடினார். பாவ் குபார்சி பதினேழு வயதில் தற்காப்பிலிருந்து இரண்டு வரிசைகளைத் தாண்டிப் போட்ட பாஸில் பழைய பாடத்தின் வாசனை அப்படியே இருந்தது. குறை அவசரத்தில்தான். அன்சு ஃபாத்தி பதினாறில் வந்தார், பதினெட்டில் முழங்கால் போனது, அதன் பிறகு பழைய ஃபாத்தியைப் பார்க்க முடியவில்லை. காவிக்கும் முழங்கால். 2024 ஆகஸ்டில் பயிற்சியாளர் ஹான்ஸி ஃப்ளிக், பெர்கா ஊரின் பதினேழு வயது மார்க் பெர்னாலை நாலில் இறக்கினார். உயரம், இடதுகால், பந்து வருமுன் திரும்பிப் பார்க்கும் பழக்கம், பார்த்தவர்கள் எல்லோரும் புஸ்கெட்ஸ் பெயரைச் சொன்னார்கள். மூன்றாவது ஆட்டத்தில் ராயோ வாயெக்கானோவுக்கு எதிராக முழங்கால் தசைநார் கிழிந்தது. திரும்பிவர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

அவர் இல்லாத காலத்தில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஃப்ரெங்கி டி யோங், அயாக்ஸ் பள்ளியில் பழுத்தவர். நல்ல ஆட்டக்காரர், பந்தோடு ஓடப் பிடிக்கும். நாலாம் நம்பர்க்காரன் ஓடக் கூடாது என்று நினைக்கும் பழைய ரசிகர்களுக்கு அவர் ஒவ்வொரு முறை முன்னால் பாயும்போதும் வயிற்றைக் கலக்கும்.

புஸ்கெட்ஸ் 2023-ல் மயாமிக்குப் போய் மெஸ்ஸியோடு சேர்ந்து ஆடி, 2025 சீசனோடு ஓய்வுபெற்றார். அதே 2025-ல் பார்சிலோனாவின் பி அணி மறுபடியும் நாலாம் நிலைக்கு இறங்கியது. மானக்கேடு என்று எழுதினார்கள். புஸ்கெட்ஸ் ஒரு முழு சீசன் அடிபட்டு, திட்டு வாங்கி, ஆட்டம் கற்றதும் அந்த நிலையில்தான். இன்றைக்கு அப்படி ஒரு பத்தொன்பது வயதுப் பையன் அங்கே இருந்தால், நாலு ஆட்டம் நன்றாக ஆடியதுமே முதல் அணியின் பெஞ்சுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். இல்லாவிட்டால் ஏஜென்ட் ஒருவர் ஜெர்மனிக்கு டிக்கெட் போட்டுவிடுவார்.